பண்பாட்டுக் கோட்பாட்டை முதுகலையில் படிப்பது: ஓராண்டுக்கான முழு வழிகாட்டி

பிரிட்டனில் விமர்சனக் கோட்பாடு, பண்பாட்டுக் கோட்பாடு என்ற பெயர்களில் நடக்கும் முதுகலைப் படிப்பு பெரும்பாலும் 12 மாதங்களில் முடிந்துவிடும். செப்டம்பர் இறுதியில் வகுப்பு தொடங்கும். அடுத்த செப்டம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வருவீர்கள். மொத்தம் 180 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு), அதில் 60 ஆய்வேட்டுக்கு. கணக்கு எளிமையானதுதான். ஆனால் அந்த 12 மாதங்களில் மார்க்ஸ் முதல் இன்றைய அமெரிக்கச் சிந்தனையாளர் ஜூடித் பட்லர் வரை ஒரு பெருங்கூட்டம் உங்களைக் கடந்து போகும். அத்தனை பேரையும் பிடித்துவிட வேண்டும் என்று ஓடியவர்களை என் வகுப்பில் பார்த்தேன். முதல் பருவத்தில் நானும் ஓடினேன். ஆண்டு முடியும்போது தெளிவாக எழுதியவர்கள் குறைவாகப் படித்தவர்கள்தான். ஆனால் படித்ததை மூன்று முறை படித்தவர்கள். அதை எப்படிச் செய்வது என்பதற்காகவே இந்த வழிகாட்டி.

படி 1: பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைப் பாருங்கள்

ஒரே பெயரில் வெவ்வேறு படிப்புகள் நடக்கின்றன. அதற்குக் காரணம் இந்தப் பாடம் மூன்று ஊர்களில் பிறந்ததுதான்.

பிராங்பர்ட்டில் 1923இல் சமூக ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1930இல் அதன் தலைமைக்கு வந்த தத்துவவாதி மாக்ஸ் ஹோர்க்ஹைமர், 1937இல் எழுதிய ஒரு கட்டுரையில் 'விமர்சனக் கோட்பாடு' என்ற பெயருக்கு ஒரு பொருளைக் கொடுத்தார்: சமூகத்தை விளக்குவதோடு நிற்காமல், அந்த விளக்கத்தைச் செய்யும் அறிவே எந்தச் சமூகத்திலிருந்து வருகிறது என்றும் கேட்கும் சிந்தனை. 1960களின் பாரிசில் சுவிட்சர்லாந்து அறிஞர் சசூரின் மொழியியலை அடித்தளமாகக் கொண்டு இலக்கியம், உளப்பகுப்பாய்வு, வரலாறு அனைத்தையும் திரும்ப வாசித்தார்கள். பர்மிங்காமில் 1964இல் ரிச்சர்ட் ஹோகார்ட், பெங்குவின் பதிப்பகத்தை நிறுவிய ஆலன் லேன் கொடுத்த பணத்தை வைத்துச் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கினார். ஜமைக்காவில் பிறந்து ஆக்ஸ்போர்டுக்குப் படிக்க வந்த ஸ்டூவர்ட் ஹால் அவருக்குப் பின் அந்த மையத்தை 1979 வரை நடத்தினார். தொலைக்காட்சிச் செய்தி, இளைஞர்களின் உடை, செய்தித்தாள் தலைப்பு ஆகியவை ஆய்வுக்குரிய பொருள்களாக மாறியது அங்கேதான். 2002இல் பர்மிங்காம் பல்கலைக்கழகம் அந்தத் துறையை மூடிவிட்டது. மூடியது பெரிய இழப்பு என்றே இன்றும் நினைக்கிறேன்.

அதே பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில்தான் 1960களில் ஈழத்துத் தமிழறிஞர் க. கைலாசபதியும் அவரைத் தொடர்ந்து கா. சிவத்தம்பியும் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் முனைவர் ஆய்வு செய்தார்கள். கிரேக்க வீரயுகப் பாடல்களோடு சங்கப் பாடல்களை ஒப்பிட்ட கைலாசபதியின் ஆய்வு அந்த வளாகத்தில் உருவானது. இந்தப் பாடத்துக்கு நாம் அந்நியர் என்று எண்ணிக்கொண்டு போகும் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எனவே விண்ணப்பிக்கும் முன் பார்க்க வேண்டியது, படிப்பை நடத்துவது எந்தத் துறை என்பது. ஆங்கிலத் துறை நடத்தினால் பிரதி வாசிப்பும் (எழுத்தை வரிவரியாக ஆராய்வது) பாரிஸ் மரபும் ஓங்கியிருக்கும். இலக்கிய விமர்சகர் கேத்தரின் பெல்சி இருந்த காலத்துக் கார்டிஃப் பல்கலைக்கழகம் அப்படிப் பெயர்பெற்றது. ஊடகத் துறையோ சமூகவியல் துறையோ நடத்தினால் பர்மிங்காம் மரபு. தத்துவத் துறை என்றால் கான்ட், ஹெகல் போன்ற ஜெர்மன் தத்துவவாதிகளும் பிராங்பர்ட் மரபும். வாரந்தோறும் எதைப் படிக்கச் சொல்கிறார்கள் என்ற பட்டியலை மின்னஞ்சலில் கேளுங்கள்; பெரும்பாலும் அனுப்புவார்கள். அதில் மூல நூல்கள் இருக்கின்றனவா, அறிமுக நூல்கள் மட்டுமா என்று பாருங்கள். அறிமுக நூல்களே நிறைந்த பட்டியல் என்றால் அந்தப் படிப்பைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 2: பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுகலைக்கு ஏற்றது. ஆனால் 2,800 மணி நேரப் பணி அனுபவம் கேட்பார்கள், படித்து முடித்ததும் நாடு திரும்பி 2 ஆண்டாவது அங்கே இருக்க வேண்டும். பட்டியல் சாதி உள்ளிட்ட பிரிவு மாணவர்களுக்கு இந்திய ஒன்றிய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையை நம்பியிருக்கும் மாணவர்கள் விதிமுறையை வரிக்கு வரி படியுங்கள். 2022இல் வந்த விதிமுறை, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த தலைப்புகளை அந்த உதவித்தொகைக்கு வெளியே தள்ளியது. பட்டியல் சாதி மாணவர் ஒருவர் தன் சமூகத்தைப் பற்றி வெளிநாட்டில் ஆய்வு செய்வதை அரசே தடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. விண்ணப்பிக்கும் ஆண்டில் விதி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தலைப்பை எழுதுங்கள். பகுதிநேர வேலை பற்றியும் ஒரு வார்த்தை: பருவகாலத்தில் மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம் வரை உழைக்கலாம். அந்த 20 மணி நேரமும் உழைத்தால், கீழே சொல்லும் மூன்று வாசிப்புகளில் ஒன்றுக்குத்தான் நேரம் கிடைக்கும். முடிந்தால் முதல் பருவத்தில் வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: புறப்படும் முன் கோடையில் படிக்க வேண்டியவை

பெரிய பட்டியல் வேண்டாம். வேல்ஸைச் சேர்ந்த விமர்சகர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1958இல் எழுதிய, பண்பாடு சாதாரணமானது என்று வாதிடும் சிறு கட்டுரையில் தொடங்குங்கள். வேல்ஸ் எல்லையிலுள்ள தன் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறும் காட்சியோடு அது ஆரம்பிக்கும். ஒரே மாலையில் படித்துவிடலாம். அடுத்து பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1957இல் தொகுத்த 'மித்தாலஜிஸ்' நூலில் மல்யுத்தம், சலவைத்தூள், பொரித்த உருளைக்கிழங்கு பற்றிய சிறு கட்டுரைகள். நூலின் இறுதியிலுள்ள நீண்ட கோட்பாட்டுக் கட்டுரையைக் கடைசியில் படியுங்கள். மூன்றாவதாக, மார்க்சின் 'மூலதனம்' நூலின் முதல் அத்தியாயத்தில் சரக்கின் மாய வழிபாடு பற்றி வரும் பகுதி. நான்காவதாக, சசூரின் நூலில் குறியின் இயல்பு பற்றிய சில பக்கங்கள். அந்த நூலை சசூர் எழுதவில்லை. 1913இல் அவர் இறந்தபின், மாணவர்களின் வகுப்புக் குறிப்புகளிலிருந்து தொகுத்து 1916இல் வெளியிட்டார்கள். ஒரு நூற்றாண்டையே அசைத்த நூல் வகுப்புக் குறிப்புகளிலிருந்து உருவானது என்று தெரிந்துகொண்டு படித்தால் அச்சம் குறையும்.

இவற்றோடு தமிழிலும் படியுங்கள். அமைப்பியலைப் பற்றி 1982இல் வந்த தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்', 1990களின் 'நிறப்பிரிகை' இதழ்கள், எஸ்.வி. ராஜதுரை, ராஜ் கௌதமன் ஆகியோரின் எழுத்துகள். பிரதி (டெக்ஸ்ட்), சொல்லாடல் (டிஸ்கோர்ஸ்), தன்னிலை (சப்ஜெக்ட்), கட்டவிழ்ப்பு (டீகன்ஸ்ட்ரக்‌ஷன்), கருத்தியல் (ஐடியாலஜி) போன்ற சொற்கள் இந்த விவாதங்களில் புழங்கித்தான் நமக்கு வந்து சேர்ந்தன. தாய்மொழியில் ஒரு முறை சண்டை போட்டுப் பார்த்த கருத்தை வேற்றுமொழியில் சந்திப்பது எளிது. இதை நான் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன்.

படி 4: ஒரு கட்டுரையை மூன்று முறை வாசிப்பது

இந்த வழிகாட்டியில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

ஒரு பாடத்தை இரண்டாம் முறை கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து எடுத்துச் சொல்ல வரும் என்கிறது நன்னூல் பாயிரம். ஒவ்வொரு முறையும் வேறொரு வேலை செய்ய வேண்டும் என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன். எடுத்துக்காட்டுக்கு பிரெஞ்சு மார்க்சியச் சிந்தனையாளர் லூயி அல்தூசர் 1970இல் வெளியிட்ட, கருத்தியலையும் அரசின் கருத்தியல் கருவிகளையும் பற்றிய கட்டுரையை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய எல்லாப் படிப்புகளிலும் இது உண்டு.

முதல் வாசிப்பில் பொழிப்புரை எழுதுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் ஒரே வரி, தமிழில். பத்தி என்ன சொல்கிறது என்பது மட்டும். உங்கள் கருத்து வேண்டாம். அல்தூசர் கட்டுரையில் இப்படிச் செய்தால் ஒன்று உடனே தெரியும். எல்லோரும் மேற்கோள் காட்டுகிற காட்சி, அதாவது தெருவில் போலீஸ்காரர் 'ஏய், உன்னைத்தான்' என்று கூப்பிட, நடந்துபோகிறவர் திரும்பிப் பார்க்க, அந்தத் திரும்பலில் அவர் தன்னிலையாக, அதாவது தன்னை 'நான்' என்று உணரும் ஆளாக, ஆகிறார் என்ற காட்சி, கட்டுரையின் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் பாதிக் கட்டுரை வேறொரு கேள்விக்குப் பின்னால் போகிறது: உற்பத்திக்கான நிலைமைகள் நாள்தோறும் எப்படித் திரும்ப உண்டாக்கப்படுகின்றன? தொழிலாளி நாளைக்கும் வேலைக்கு வருகிறார். வாசலில் போலீஸ் நிற்கவில்லை. ஏன் வருகிறார்? முன்பு தேவாலயம் செய்த வேலையை இப்போது பள்ளிக்கூடம் செய்கிறது என்பது அல்தூசரின் பதில். போலீஸ்காரரை மட்டும் நினைவில் வைத்திருப்பவருக்குப் பள்ளிக்கூடம் தெரியாது. நுனிப்புல் மேய்வதால் வரும் நட்டம் இது.

இரண்டாம் வாசிப்பில் 'யாருக்கு எதிராக?' என்று கேளுங்கள். கோட்பாட்டுக் கட்டுரை எதுவும் வெற்றிடத்தில் எழுதப்படுவதில்லை. கருத்தியல் என்றால் பொய்யான எண்ணம், உண்மையைச் சொன்னால் அது விலகிவிடும் என்ற கருத்தோடு அல்தூசர் மோதுகிறார். அவர் பார்வையில் கருத்தியல் தலைக்குள் இருப்பதில்லை. முழங்காலிடுவதில், கைகுலுக்குவதில், வரிசையில் நிற்பதில் இருக்கிறது. மண்டியிடு, உதடுகளை அசை, நம்பிக்கை தானாக வரும் என்ற 17ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் பாஸ்கலின் கருத்தை அவர் துணைக்கு அழைப்பது அதனால்தான். அவர் இதை எழுதியது 1969இன் தொடக்கத்தில், 1968 மே மாதத்து மாணவர் எழுச்சி நடந்து சில மாதங்களே ஆன பாரிசில் என்பதையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றி அவர் ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்கிறார் என்பது அப்போது விளங்கும்.

மூன்றாம் வாசிப்பில் எங்கே உடைகிறது என்று தேடுங்கள். நம் உரையாசிரியர்கள் 'என்பாரும் உளர்' என்று மாற்றுக் கருத்தை நிறுத்திவிட்டு, அது பொருந்தாது என்று சொல்லி, 'என்னை?' என்று காரணம் கேட்டுக்கொள்வார்களே, அதே வேலை. அழைத்தவுடன் அவர் ஏன் திரும்ப வேண்டும்? இந்தக் கேள்வியைத்தான் 1997இல் ஜூடித் பட்லர் கேட்டார். இன்னொரு பக்கம், அல்தூசருக்கு 18 ஆண்டு முன்னரே, 1952இல், காலனியத்தை ஆராய்ந்த கறுப்பின எழுத்தாளர் ஃபிரான்ட்ஸ் ஃபனான் 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' என்ற தன் நூலின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஓர் அழைப்பை எழுதியிருந்தார். வெள்ளைக் குழந்தை ஒன்று கறுப்பு மனிதரைப் பார்த்துத் தன் தாயிடம் பயத்தோடு கத்துகிறது. அங்கும் ஒருவர் அழைக்கப்படுகிறார். ஆனால் அந்த அழைப்பில் அவருக்குத் தன்னிலை கிடைப்பதில்லை, இருந்ததும் சிதறுகிறது. அல்தூசரின் தெருவில் எல்லோரும் ஒரே விதமாக அழைக்கப்படுகிறார்களா என்ற கேள்வி உங்களுக்கு இந்த இடத்தில் வந்துவிட்டால், உங்கள் முதல் கட்டுரைக்கான விதை கிடைத்துவிட்டது. சாதிப் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட அனுபவம் உள்ள சமூகத்திலிருந்து வரும் மாணவருக்கு இந்தக் கேள்வி வெறும் வகுப்பறைக் கேள்வியாக இராது.

மூன்று வாசிப்புக்கும் சேர்த்து எனக்கு 9 முதல் 11 மணி நேரம் ஆகும். வாரத்துக்கு மூன்று கட்டுரைகள் கொடுப்பார்கள். ஒன்றை மட்டும் இப்படி வாசியுங்கள். மற்ற இரண்டுக்கும் முதல் வாசிப்பு போதும். எதை முழுமையாக வாசிப்பது என்று திங்கட்கிழமையே முடிவு செய்துவிடுங்கள்.

படி 5: மொழிபெயர்ப்பைக் கவனியுங்கள்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட வகுப்புத் தோழர்கள் நம்மைவிட ஒரு படி மேலே இருப்பதாகத் தோன்றும். ஆனால் தெரிதா, ஃபூக்கோ போன்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர்களை அவர்களும் மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறார்கள். இரண்டு மொழிகளுக்கு நடுவே வாழ்ந்து பழகியவருக்கு இங்கே ஓர் உதவி இருக்கிறது: எந்தச் சொல்லும் அப்படியே பெயர்ந்து வராது என்பது நமக்கு அனுபவத்தில் தெரியும்.

ஃபூக்கோவின் 1975ஆம் ஆண்டு நூலின் பிரெஞ்சுத் தலைப்பில் இருப்பது கண்காணிப்பும் தண்டனையும். ஆங்கிலத் தலைப்பில் கண்காணிப்பின் இடத்தில் ஒழுங்குபடுத்தல் வந்து உட்கார்ந்துவிட்டது. பிரதிக்கு வெளியே எதுவும் இல்லை என்று தெரிதா சொன்னதாக ஊரெல்லாம் பேசுகிறார்கள். 1976இல் அந்த வரி வரும் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த காயத்ரி ஸ்பிவாக், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'புறப்பிரதி என்று ஒன்று இல்லை' என்பது போன்ற இன்னொரு வடிவத்தையும் கொடுத்திருக்கிறார். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. முதலாவது உலகமே இல்லை என்பதாகக் கேட்கிறது. இரண்டாவது, பிரதியைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு பார்க்க இடம் இல்லை என்கிறது. நீங்கள் கட்டுரை எழுதும் நூலுக்கு இரண்டு மொழிபெயர்ப்புகள் இருந்தால், முக்கியமான இரண்டு பக்கங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூலகத்தில் அரை மணி நேர வேலை.

படி 6: சொற்களுக்கு ஒரு நோட்டு

ரேமண்ட் வில்லியம்ஸ் போர் முடிந்து 1945இல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பியபோது, சுற்றி இருந்தவர்கள் வேறு மொழி பேசுவது போல் அவருக்குப் பட்டது. முக்கியமாகப் பண்பாடு என்ற சொல் மாறிய பொருளில் புழங்கியது. அந்த உறுத்தலிலிருந்து அவர் வைத்துவந்த சொற்குறிப்புகள் 1976இல் தனி நூலாக வந்தன. நீங்களும் ஒரு நோட்டு வையுங்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். கருத்தியல் என்ற பக்கத்தில் மார்க்ஸ் சொன்ன பொருளும் அல்தூசர் சொன்ன பொருளும் தனித்தனி வரியில், நூல் பக்க எண்ணோடு இருக்க வேண்டும். ஒரு குழு மற்றவர்கள் மீது செலுத்தும் தலைமையைக் குறிக்கும் ஹெஜிமனிக்குத் தமிழில் மேலாண்மை, மேலாதிக்கம் என்று இரண்டு சொற்கள் உலவுகின்றன. மேலாதிக்கம் என்றதும் அடக்குமுறை நினைவுக்கு வரும். இத்தாலிய மார்க்சியர் கிராம்ஷி சிறையிலிருந்து எழுதியது ஆளப்படுவோரின் சம்மதத்தை எப்படிப் பெறுகிறார்கள் என்பதைப் பற்றியும்தான். இப்படி ஒவ்வொரு சொல்லோடும் மல்லுக்கட்டிய குறிப்பு பின்னால் கட்டுரையில் அப்படியே உதவும். பக்க எண்ணை எழுதாமல் விடாதீர்கள். மேற்கோள் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தவிப்பதும், தெரியாமலே கருத்துத் திருட்டில் மாட்டுவதும் அங்கேதான் தொடங்குகின்றன.

படி 7: கருத்தரங்கு வகுப்பு

வாரம் இரண்டு மணி நேரம், ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். முதல் வாரம் நாக்கு கூசும், பிறகு பழகிவிடும். பேசுவதற்கு எளிய வழி: ஒரு பத்தியைக் குறித்துக்கொண்டு போங்கள். 'இந்தப் பக்கத்தில் இந்த வரியைப் பார்க்கலாமா, முந்தைய பக்கத்தில் சொன்னதோடு இது எப்படிப் பொருந்துகிறது?' என்று கேளுங்கள். மொத்த அறையும் அந்தப் பக்கத்துக்குத் திரும்பும். பெரிய கருத்து சொல்ல வேண்டும் என்று காத்திருந்தால் இரண்டு மணி நேரமும் போய்விடும்.

படி 8: முதல் கட்டுரை

வழக்கமாக 4,000 முதல் 5,000 சொற்கள். 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி, 60க்கு மேல் நன்று, 70க்கு மேல் மிகச் சிறப்பு. என் முதல் கட்டுரைக்கு 56 வந்தது. ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன். நம் ஊர் மாணவர்கள் பலர் இதே இடத்தில் தடுக்குகிறார்கள்.

ஜெர்மன் யூதச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1935இல், நாஜிகளிடமிருந்து தப்பிப் பாரிசில் இருந்தபோது எழுதத் தொடங்கிய, கலைப்படைப்பு பிரதியெடுக்கப்படும் காலத்தைப் பற்றிய கட்டுரையை எடுத்துக்கொண்டேன். கேமராவும் அச்சும் கலையைப் பெருக்கும்போது அதன் 'ஆரா', அதாவது மூலப்படைப்பைச் சுற்றியிருக்கும் தனிச்சிறப்பு, வாடிவிடுகிறது என்பது அதன் பெயர்பெற்ற வாதம். எனக்கு உடனே சிவகாசியில் அச்சாகும் சாமி காலண்டர் நினைவுக்கு வந்தது. ஆயிரக்கணக்கில் அச்சடித்த முருகன் படம். ஆனாலும் எங்கள் வீட்டில் அதற்குக் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டுகிறார்கள். ஆண்டு முடிந்தாலும் அதைக் குப்பையில் போட மனம் வருவதில்லை. ஆகவே பெஞ்சமின் தவறு என்று 4,500 சொற்களில் எழுதினேன். எழுதும்போது பெருமையாக இருந்தது.

திருத்திய ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருந்ததன் சாரம்: நீங்கள் பெஞ்சமினின் ஒரு வாக்கியத்தை மறுத்திருக்கிறீர்கள், கட்டுரையை இன்னும் படிக்கவில்லை. அன்று வலித்தது. திரும்பப் படித்தபோது அது சரி என்று தெரிந்தது. படைப்பின் வழிபாட்டு மதிப்பு, காட்சி மதிப்பு என்று அவர் இரண்டைப் பிரிக்கிறார். புகைப்படம் வந்தபின் வழிபாட்டு மதிப்பு சட்டென்று மறையவில்லை, மனித முகத்தில் கடைசியாக அடைக்கலம் புகுந்தது என்கிறார்; இறந்தவர்களையும் தொலைவில் இருப்பவர்களையும் நினைத்துப் பார்க்கும் உருவப்படங்களில். என் காலண்டருக்கான கதவை அவரே பாதி திறந்து வைத்திருக்கிறார். அந்தப் பத்தியை நான் தாண்டிப் போயிருந்தேன்.

தமிழ்ச் சொல்லும் என்னை ஏமாற்றியிருந்தது. ஆராவை ஒளிவட்டம் என்று மனத்தில் பெயர்த்துவிட்டதால், முருகன் தலைக்குப் பின்னால் அச்சாகியிருக்கும் வட்டமே கண்ணில் நின்றது. பெஞ்சமின் சொல்வதோ, எவ்வளவு அருகில் வந்தாலும் தொலைவில் இருப்பதாகவே தோன்றும் ஒன்றின் ஒரே ஒருமுறைத் தோற்றம். இப்படிப் பார்த்தால் கேள்வியே மாறிவிடும். அச்சகத்திலிருந்து வரும்போது எல்லாக் காலண்டரும் ஒன்றுதான். குங்குமம் பட்டு, கற்பூரப் புகை படிந்து, ஓரம் சுருண்டபின் எங்கள் பாட்டி வீட்டுச் சுவரில் தொங்குவது உலகில் ஒன்றே ஒன்று. அப்படியானால் பிரதியெடுத்த பொருளுக்கு அந்த ஒருமையைப் பயன்பாடு திரும்பக் கொடுக்கிறதா? கொடுத்தால் அது பெஞ்சமின் சொன்ன ஆராவா, வேறொன்றா? காலண்டர் படங்களைப் பற்றி கஜ்ரி ஜெயின் 2007இல் வெளியிட்ட ஆய்வு நூலோடு இந்தக் கேள்வியைச் சேர்த்து இரண்டாம் பருவத்தில் எழுதினேன். அதற்கு 71.

இதிலிருந்து கட்டுரைக்கான வேலைமுறை வருகிறது. கோட்பாட்டை இட்லித் தட்டாகவும், எடுத்துக்கொண்ட பொருளை மாவாகவும் பார்க்காதீர்கள். எந்த மாவை ஊற்றினாலும் ஒரே வடிவம்தான் வரும். படிப்பவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. கோட்பாட்டுக்கு அடங்க மறுக்கும் பொருளைத் தேர்ந்தெடுங்கள். அது எந்த வாக்கியத்தில் அடங்க மறுக்கிறது என்று குறியுங்கள். பிறகு மூலக் கட்டுரைக்குத் திரும்பிப் போய், அந்த மறுப்புக்கு ஆசிரியர் ஏற்கெனவே இடம் வைத்திருக்கிறாரா என்று தேடுங்கள். வைத்திருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால்தான் அவரை மறுக்கும் உரிமை வருகிறது.

ஒரு கட்டுரையில் ஒரு கோட்பாட்டாளர், மிஞ்சினால் இருவர். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். 'ஃபூக்கோ கூறுவது போல' என்று தொடங்கும் வாக்கியங்களை எண்ணிப் பாருங்கள். அவற்றில் எத்தனையை உங்கள் சொந்த வாக்கியமாக எழுதி, பொறுப்பையும் ஏற்க முடியும் என்று சோதியுங்கள்.

படி 9: ஆய்வேடு

15,000 முதல் 20,000 சொற்கள். ஜூனில் தொடங்கினால் மூன்று மாதம் இருக்கிறது. தலைப்பைக் கோட்பாட்டிலிருந்து தேடாதீர்கள், பொருளிலிருந்து தேடுங்கள். இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த முன்மாதிரி பர்மிங்காம் மையத்தில் ஸ்டூவர்ட் ஹாலும் இன்னும் நால்வரும் சேர்ந்து எழுதி 1978இல் வெளியிட்ட, தெருக்கொள்ளைப் பீதி பற்றிய நூல்.

1972இல் பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் ஒருவரைத் தாக்கிக் கொள்ளையடித்த வழக்கில் மூன்று இளைஞர்கள் பிடிபட்டார்கள். ஒருவருக்கு 20 ஆண்டு, மற்ற இருவருக்கும் 10 ஆண்டு தண்டனை. ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டது ஒரு சொல்லை. தெருக்கொள்ளையைக் குறிக்கும் 'மக்கிங்' என்ற அந்தச் சொல் அமெரிக்காவிலிருந்து பிரிட்டிஷ் செய்தித்தாள்களுக்கு எப்படி வந்தது? பழைய குற்றத்துக்குப் புதுப்பெயர் சூட்டியபோது அதோடு என்னென்ன பயங்கள் ஒட்டிக்கொண்டு வந்தன? அந்தக் குற்றத்துக்கு ஏன் கறுப்பின இளைஞர்களின் முகம் வந்தது? தலைப்புச் செய்திகள், ஆசிரியருக்குக் கடிதங்கள், நீதிபதிகளின் சொற்கள் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். போகும் வழியில் தேவைப்பட்ட இடத்தில் கிராம்ஷியை அழைத்தார்கள். ஒரு சொல்லில் தொடங்கி, பிரிட்டிஷ் அரசு சம்மதத்தால் ஆள்வதிலிருந்து வலுவால் ஆள்வதை நோக்கிச் சாய்வது வரை அந்த நூல் போய்ச் சேர்கிறது. அத்தனை தூரம் உங்களால் மூன்று மாதத்தில் போக முடியாது. ஆனால் தொடங்கும் விதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: கையில் பிடிக்கக்கூடிய சிறிய பொருள், அதற்கு ஓர் எல்லையுள்ள ஆவணத் தொகுப்பு, ஒரே கேள்வி.

முதல் மூன்று வாரம் ஆவணத்தைச் சேர்த்து விவரித்து எழுதுங்கள். கோட்பாட்டுச் சொல் ஒன்றுகூட இல்லாமல், பொருளைப் பார்த்திராத ஒருவர் கண்ணில் காணும்படி 3,000 சொற்கள். இதுதான் கடினமான வேலை, மாணவர்கள் தவிர்ப்பதும் இதைத்தான். அடுத்த ஐந்து வாரத்தில் இரண்டு இயல்களின் முதல் வரைவு. நெறியாளரிடம் போகும்போதெல்லாம் எழுதிய பக்கத்தோடு போங்கள். வாயால் விளக்கினால் நல்ல யோசனை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

வரைவு முடிந்ததும் ஒன்று செய்யுங்கள். ஆய்வேட்டின் மொத்த வாதத்தையும் தமிழில் இரண்டு பக்கமாக எழுதுங்கள். கோட்பாடு படிக்காத உங்கள் அக்காவோ மாமாவோ படித்தால் புரிய வேண்டும். நான் எழுதியபோது 'ஏஜென்சி' (ஒருவர் தானே செயல்படும் திறன்) என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டேன். ஆங்கில வரைவின் இரண்டாம் இயலில் அந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. தமிழில் செயலாண்மை என்று போட்டுப் பார்த்தேன். உடனே யார் செய்தார்கள், என்ன செய்தார்கள், யாரை மீறிச் செய்தார்கள் என்று வாக்கியம் கேட்கத் தொடங்கியது. என்னிடம் பதில் இல்லை. அந்த இயலின் நடுப்பகுதியை நீக்கிவிட்டு, ஆவணங்களுக்குத் திரும்பிப் போய் 11 நாள் திரும்ப எழுத வேண்டியிருந்தது. எனவே இந்த இரண்டு பக்கத்தை ஜூலை இறுதியிலேயே எழுதிவிடுங்கள். ஆகஸ்ட் கடைசியில் எழுதினால் ஓட்டை தெரியும், அடைக்க நாள் இருக்காது.